மாமியார் டெஸ்ட்

குரங்கு எறியும் மாங்காயைக் கூடையில் பிடிப்பது. நான் முதன்முதலில் சம்பளத்துக்குச் செய்த வேலை இதுதான்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் மூன்று இளம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கேம் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டர்களாம். கேமில் எங்கே கோளாறு இருக்கிறது என்று விளையாடிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை.

"வெளிய சொன்னா சிரிக்கிறாங்க ஆன்டி. உட்கார்ந்து விளையாடறதுக்கு சம்பளமான்னு கேக்குறாங்க" என்றாள் ஒருத்தி.

நான் பந்தியில் பேசுகிறவள் இல்லை. சாம்பார் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். அன்று என்னவோ வாயைத் திறந்துவிட்டேன். "எங்களையும் அப்படித்தான் கேட்டாங்க" என்றேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்களுடைய ரசம் ஆறிப்போனது. கை கழுவும்போது, "இத எழுதுங்க ஆன்டி, நாங்க படிக்கணும்" என்றார்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா கிள்ளானில் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என்னை டைப்பிஸ்ட் ஆக்க அம்மா ஆசைப்பட்டார். டைப்பிங் கிளாசில் டீச்சர் பின்னால் வந்து நின்றாலே என் விரல்கள் மரத்துப்போகும். அதனால் அது நடக்கவில்லை. ஷா ஆலமில் புதிதாக வந்த எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் எங்கள் சந்து முனைக்கு வந்துவிடும். ஏறி உட்கார்ந்தேன். யாரிடமும் பேச வேண்டியதில்லாத வேலை என்று கேள்விப்பட்டதுதான் காரணம்.

முதலில் ரேடியோவுக்குக் கம்பி ஒட்டினேன். பிறகு கையடக்க கேம் வந்தது. உள்ளங்கை அகலம், சிறிய திரை, இடது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான், வலது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வடிவமைத்து அனுப்பியது. நாங்கள் பூட்டி, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். திரையில் ஒரு மரம், மூன்று கிளைகள். மேலே குரங்கு ஒரு பழத்தை எறியும். கீழே ஒரு பெண் கூடையோடு ஓடி ஓடிப் பிடிப்பாள். பெட்டியில் ஆப்பிள் மரம் என்று போட்டிருந்தது. குரங்கு இருக்கிற மரத்தில் ஆப்பிளா என்று எங்களில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது மாங்காய் கேம்.

என் பக்கத்து நாற்காலி லெட்சுமி. மேரு என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். "குரங்கு மாங்கா எறியுது, பொம்பள பொறுக்குறா, நம்ம சம்பளம் வாங்குறோம். எங்கப்பாகிட்ட சொன்னா சத்தியமா அடிப்பாரு லா" என்பாள்.

விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நீளமான மேசை, மேலே சாம்பல் நிற ரப்பர் விரிப்பு, தலைக்கு நேரே வெள்ளை டியூப் லைட். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கம்பி மேசையின் காலுக்கு. உடம்பு மின்சாரம் கேமுக்குள் போகக் கூடாதாம். மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். தட்டில் கேம்கள் வரும். முதலில் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் பல்குச்சியால் குத்த வேண்டும். ஊசியால் குத்தினால் கீறல் விழும், அதனால் பல்குச்சி. எல்லோர் தலையிலும் ஒன்றிரண்டு பல்குச்சி செருகியிருக்கும். குத்தியதும் திரையில் உள்ள அத்தனை படங்களும் ஒரே நேரத்தில் தெரியும். குரங்குக்கு ஏழெட்டுக் கை, பெண்ணுக்கு மூன்று உடம்பு, ஆகாயம் முழுக்க மாங்காய். இதில் எதுவும் விட்டுப்போகாமல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

பெண் நடுவில் நிற்பாள். முதல் மாங்காய் எப்போதும் நடுவில்தான் விழும், அதுவும் ஆமை மாதிரி மெதுவாக. ஒன்றும் தொடாமல் இருந்தாலே கூடையில் விழுந்துவிடும். அடுத்தடுத்த மாங்காய்கள் வேகம் எடுக்கும். குறிப்பிட்ட புள்ளி வரும்வரை ஒன்றையும் விடாமல் பிடிக்க வேண்டும். பிறகு மூன்று மாங்காயை வேண்டுமென்றே தவறவிட வேண்டும். இடது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மூன்று போனால் ஆட்டம் முடிந்தது. பச்சை ஒட்டுத்தாளில் நம் நம்பரை முத்திரை குத்தி அடுத்த தட்டில் வைக்க வேண்டும். உடனே அடுத்தது. அதே குரங்கு, அதே மரம், அதே மாங்காய். சாயங்காலம்வரை.

இந்த இடது, நடு, வலது வரிசை எங்கள் சூப்பர்வைசர் மிஸ் புவனத்தின் சட்டம். மிஸ் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் அரசாங்க உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளிர்நிறச் சேலையை மடிப்புக் கலையாமல் குத்தி, கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். ரப்பர் அடி செருப்பு. வருவதே தெரியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், தரையைப் பார்த்தபடி, தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து நடப்பார். அவர் எங்கள் கையைப் பார்ப்பதே கிடையாது. காதால் கேட்பார்.

இடது பக்கம் மாங்காய் விழுந்து உடைந்தால் ஒரு தாழ்ந்த சத்தம், நடுவில் அதைவிடக் கொஞ்சம் மேலே, வலது பக்கம் இன்னும் மேலே. ஒழுங்காகத் தோற்றால் மூன்று படி ஏறுகிற மாதிரி சத்தம் வரும். அவசரத்துக்கு மூன்றையும் ஒரே பக்கம் விட்டுவிட்டு முத்திரை குத்தினால், மேசையின் அந்தக் கோடியில் இருக்கும் மிஸ் நின்றுவிடுவார்.

"ஆரது? அதைத் திருப்பிச் செய்யும் பிள்ளை."

அவ்வளவுதான். அந்தக் குரலுக்கே முதுகு நிமிர்ந்துவிடும். லெட்சுமி அந்த மூன்று சத்தத்துக்கு 'மிஸ் பாட்டு' என்று பேர் வைத்திருந்தாள்.

ஒரு தடவை லெட்சுமி உற்சாகத்தில் குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டி ஆடிக்கொண்டே போனாள். நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மிஸ் வந்து அவள் பின்னால் நின்றார். அவள் கவனிக்கவில்லை. ஒரு நிமிடம் பொறுத்து மிஸ் சொன்னார்: "நல்லாய் விளையாடுறீர். இனி வேலையைச் செய்யும்."

வெல்வதற்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை. முறையாகத் தோற்பதற்குத்தான் சம்பளம். மிஸ் அடிக்கடி அப்படித்தான் சொல்வார்.

சாப்பாட்டு நேரத்தில் எங்களில் ஒருத்திகூட கேமைத் தொட மாட்டாள். சிலர் தூங்குவார்கள், சிலர் குரோஷா பின்னுவார்கள். கண்ணை மூடினால் மாங்காய் விழும். பஸ்ஸில் தூங்கும்போது கட்டைவிரல்கள் தாமாக ஆடும். மாதா கோயிலில் முழங்காலிட்டிருக்கும்போது பெஞ்சின் விளிம்பில் என் விரல்கள் இடது, நடு, வலது என்று தட்டுவதைப் பார்த்து அம்மா முழங்கையால் இடிப்பார்.

அடுத்த வருடம்தான் அந்தக் கஷ்டம் வந்தது.

வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கேம்களைத் திருப்பி அனுப்பியது. ஆட்டம் நின்றுவிடுகிறது, பொத்தான் வேலை செய்வதில்லை என்று வாடிக்கையாளர்கள் கடைகளில் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். வேறு விவரம் கிடையாது. நாங்கள் பிரித்து ஆடிப் பார்த்தோம். ஒன்றுகூட நிற்கவில்லை. குரங்கு உற்சாகமாக எறிந்துகொண்டே இருந்தது.

மானேஜர் மிஸ்டர் லிம் மேசைக்கே வந்துவிட்டார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் மிஸ்ஸிடம் படபடவென்று பேசினார். அவர் போன பிறகு மிஸ் எங்களைக் கூட்டி நிறுத்தினார்.

"கேளுங்கோ பிள்ளையள். அவை சொல்லீனம், நாங்கள் விளையாடிப் பார்க்காமல் முத்திரை குத்துறமாம். இந்த மாதம் முடியிறதுக்குள்ள கேம் எப்படி நிக்குது எண்டு நாங்கள் காட்டவேணும். இல்லாட்டில் இந்த மேசை இல்லை. பத்துக்கு ஒண்டு எடுத்துப் பார்க்க நாலு பேர் போதுமாம்."

"மத்தவங்க மிஸ்?" என்றாள் லெட்சுமி.

மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மற்றவை வீட்டை போகவேண்டியதுதான். நானும்தான்."

லெட்சுமியின் அப்பா லோரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த நேரம் அது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அன்று பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. அவள் பேசாமல் வந்த ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கேம்களைப் படுத்தாத பாடு இல்லை. உயிர் போகும் நிலையில் இருந்த பேட்டரியைப் போட்டு ஆடினோம். சூடான அடுப்புப் பெட்டியில் வைத்து எடுத்து ஆடினோம். அலுவலக ஐஸ்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து ஆடினோம். மேசையில் தட்டினோம், குலுக்கினோம், இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தினோம். ரொம்ப நேரம் ஆடினால் நிற்குமோ என்று கெட்டிக்காரிகள் எல்லோரும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். அதற்கு மேல் எண் காட்டத் திரையில் இடமில்லாமல் மறுபடி முதலிலிருந்து வந்தது, அப்போதும் நிற்கவில்லை. மிஸ் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். இப்போது அவர் தலை சாய்க்கவில்லை, எங்கள் கைகளையே பார்த்தார். அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்மா எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார்.

சாலாக் செலாத்தானிலிருந்து. மாப்பிள்ளைக்குப் பஸ் கம்பெனி பட்டறையில் மெக்கானிக் வேலை. நல்ல குடும்பம், நம்ம சபை. பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வருகிறார்கள். "வேலையப் பத்திக் கேட்டா எலக்ட்ரானிக் செக்கிங்னு சொல்லு, போதும்" என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா உட்பட எல்லோருக்கும் அதே கட்டளை.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு பெரியப்பா. நான் தலையை நிமிர்த்தவில்லை. டீ தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் காலணி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தார், ஆனால் ஓரத்தில் கிரீஸ் கறை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெயர் ஞானம்மா. குண்டான, சிரித்த முகமுள்ள மனுஷி. "பொண்ணு என்னம்மா வேல பாக்குது?" என்று கேட்டார்.

"எலக்ட்ரானிக் செக்கிங்" என்றார் அம்மா.

"கேம் விளையாடற வேல" என்றார் அப்பா. அவருக்கு என் வேலையில் பெருமை. "காலைல போனா சாயங்காலம்வரை விளையாட்டுத்தான். நான் தண்டவாளத்துல வெயில்ல நிக்கிறேன், இவ ஏர்கோன்ல குரங்கோட விளையாடறா."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, ஆனால் முதுகிலேயே தெரிந்தது.

ஞானம்மா ஆன்டி சிரித்தார். "அப்படியா? அது எப்படி இருக்கும்? காட்டு பாப்போம் கண்ணு."

கிறிஸ்மஸ் நேரத்தில் தொழிற்சாலையில் கீறல் விழுந்த கேம்களை வேலைக்காரர்களுக்கே கொடுப்பார்கள். அப்படி ஒன்று வீட்டில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். தொடங்கும் பொத்தானை மட்டும் காட்டிவிட்டுப் பழையபடி நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டேன். எப்படி ஆட வேண்டும் என்று சொல்ல வெட்கம்.

அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். டிக், டிக் என்று சத்தம். பிறகு மாங்காய் உடையும் சத்தம். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. அப்புறம் சத்தமே இல்லை.

"நின்னு போச்சேம்மா. குரங்கு கையத் தூக்கிக்கிட்டு அப்படியே நிக்குது. நான் ஒன்னும் பண்ணல, சும்மா அழுத்துனேன்."

எனக்குள் என்ன நடந்தது என்று இன்றும் தெரியவில்லை. ஒரே எட்டில் போய் அவர் கையிலிருந்து கேமைப் பிடுங்கினேன். குரங்கு கையைத் தூக்கியபடி நின்றது. பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை.

"ஆன்டி, என்ன அழுத்துனீங்க?"

"இந்தா, இத…"

"எத்தன தடவ? எந்தப் பக்கம்?"

"ரோசி" என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் தலையில் கை வைத்தேன். மல்லிகைச் சரத்துக்குள் வழக்கம்போல ஒரு பல்குச்சி இருந்தது. அதை உருவிப் பின்பக்க ஓட்டையில் குத்தினேன். படம் எல்லாம் வந்து அடங்கியது. கேமை அவர் கையில் திணித்தேன்.

"மறுபடியும் செய்ங்க ஆன்டி. முன்ன செஞ்ச மாதிரியே."

பாவம், அவருக்குப் பயம் வந்துவிட்டது. முதல் மாங்காய் கூடையில் விழுந்தது. அடுத்தடுத்து மூன்று போயிற்று. ஆட்டம் முடிந்ததற்கான இசை ஒழுங்காக வந்தது. நிற்கவில்லை.

"அப்படி இல்ல ஆன்டி" என்றேன். "முன்ன வேற மாதிரி செஞ்சீங்க. யோசிச்சுப் பாருங்க."

பெரியப்பா டீயைக் கீழே வைத்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார். அப்போது எதிரில் இருந்த பாலிஷ் காலணி அசைந்தது. மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துக்கொண்டு தன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பதறாதம்மா. முன்ன பண்ணப்போ என்ன நெனச்சுப் பண்ண, அதச் சொல்லு" என்றார்.

"என்னத்த நெனைக்க? குரங்கு கல்லால அடிக்குது, அந்தப் பொம்பள கீழ நிக்கிறா. மண்டையில விழாம இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளி விட்டேன். இப்ப அவசரத்துல முதல் கல்லு அவ மேல விழுந்துருச்சு."

கல்லில்லை மாங்காய், தப்பிக்க இல்லை பிடிக்க என்று யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பெண் பார்க்க வந்த இடத்தில், பெரியவர்களுக்கு முன்னால், கையைக் காட்டி.

"அதே மாதிரி செய்ங்க ஆன்டி. அவ மேல ஒன்னும் விழக்கூடாது."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தார். முதல் மாங்காய் நடுவில் வந்தது. அந்தப் பெண்ணை ஓரமாக ஓட்டினார். உடைந்தது. அடுத்தது ஓரத்தில் வந்தது. நடுவுக்கு ஓட்டினார். உடைந்தது. மூன்றாவதையும் தப்பித்தார். குரங்கு கையைத் தூக்கியபடி நின்றுவிட்டது.

"ஸ்கோர் என்ன காட்டுது?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

பார்த்தேன். பூஜ்யம்.

"ஒன்னுகூடப் பிடிக்காம தோத்தா நிக்குது போல. வண்டியில முதல் கியரே விழாம ரிவர்ஸ் போட்ட மாதிரி" என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குரங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இன்னும் சில தடவை செய்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நின்றது. மாசக் கடைசிக்குள் இதைக் காட்டாவிட்டால் எங்கள் மேசையே இருக்காது என்று ஆன்டியிடம் சொன்னேன். அம்மா செய்த கேக்கை யாரும் தொடவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "முடிஞ்சிது. பொண்ணு மாப்ள வீட்ட விசாரணை பண்ணுதுன்னு சாலாக் செலாத்தான் முழுக்கச் சொல்லிருவாங்க." அப்பா கேக்கை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே, "ஆனா கண்டுபிடிச்சிட்டாங்கல்ல" என்றார்.

திங்கட்கிழமை காலை மிஸ்ஸிடம் போனேன். நானாக அவரிடம் போனது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அவர் மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் கேமை எடுங்கோ. ஒரு மாங்காயும் பிடிக்காமல் தோத்துக் காட்டுங்கோ."

எங்கள் மேசைக்கு வந்த சோதனைகளிலேயே மோசமானது அதுதான். யாராலும் முடியவில்லை. முதல் மாங்காய் நடுவில் வரும், நாம் நகர வேண்டும். நகருவோம். மாங்காய் தரைக்கு வருவதற்குள் கட்டைவிரல் தானாக ஓடிப்போய்ப் பிடித்துவிடும். அத்தனை மாதமாகப் பழகிய விரல் நம் பேச்சைக் கேட்காது. மேசை முழுக்கப் பிடிக்கிற சத்தம், அதோடு "ஐயோ", "ச்சே". மலாய்ப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். சத்தத்தை வைத்தே பிடித்துவிட்டாள்.

"என் கைய வெட்டிப் போடுங்க லா" என்றாள்.

இந்தக் கூச்சலைக் கேட்டு மிஸ்டர் லிம் வந்தார். மிஸ் விஷயத்தைச் சொன்னார். அவர் நம்பாமல் லெட்சுமியின் கேமை வாங்கினார். மானேஜர் அதுவரை ஒருநாளும் அதை ஆடியதில்லை. பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார். மூன்று மாங்காயும் வரிசையாக உடைந்தன. குரங்கு நின்றது. முதல் முயற்சியிலேயே.

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். லெட்சுமி மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள்.

மிஸ்டர் லிம் கேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோளாறு கேமை இயக்குகிற சில்லுக்குள் இருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து வந்த சில்லு. பூட்டியதிலோ சோதித்ததிலோ தப்பில்லை. அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இதை ஏன் இதுவரை ஒருவரும் செய்து பார்க்கவில்லை?

நாங்கள் மிஸ்ஸைப் பார்த்தோம். லெட்சுமி மேசைக்கு மேலே வந்து தமிழில் முணுமுணுத்தாள்: "மிஸ் சொல்லல."

மிஸ் அதைக் கேட்டார். அவர் காதில் விழாத சத்தம் அந்த மேசையில் கிடையாது. "ஓம்" என்றார். "நான் சொல்லேல்லை. பிடிச்சுப்போட்டுத்தான் தோற்கவேணும் எண்டு நான்தான் சொன்னனான்." அதையே மிஸ்டர் லிம்மிடம் ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். முதுகு வளையவில்லை.

மிஸ்டர் லிம் தலையை ஆட்டிவிட்டு, சரி, கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் லெட்சுமியின் பின்னால் ஒளிந்தேன். லெட்சுமி என்னை விரலால் காட்டினாள். "நாட் ஷீ, பாஸ். ஹெர் மாமியார்."

"மாமியார்? விச் லைன்?" என்றார் அவர்.

அன்று மதியமே மிஸ் புது வரிசையைச் சுவரில் ஒட்டினார். பல்குச்சி, படம், சத்தம். அதற்குப் பிறகு ஒரு மாங்காயும் பிடிக்காமல் தோற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய ஆட்டம். கடைசியில் தோற்கும்போது வரிசை கிடையாது, அவரவர் இஷ்டம். மிஸ் பாட்டு அன்றோடு போயிற்று. அதன் பிறகு மிஸ் எங்கள் பின்னால் நடக்கும்போது தலையைச் சாய்ப்பதில்லை. ஒவ்வொருத்தி பக்கத்திலும் நின்று, குனிந்து, கண்ணால் பார்த்தார். இரண்டு மடங்கு வேலை அவருக்கு. ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் சில்லை மாற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் வாங்கி, ஆடத் தெரியாமல் பொத்தானைத் தட்டியதும் நின்றிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. எங்கள் மேசை நிலைத்தது. லெட்சுமி, மிஸ், நான், எல்லோரும் இருந்தோம். மிஸ்டர் லிம் எழுதிய புது முறையில் அந்தப் படிக்கு 'மாமியார் டெஸ்ட்' என்றே பெயர் போட்டுவிட்டார். அவர் அதை ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு வேறு கேம்கள் வந்தன. மீன், பாராசூட், கார். எது வந்தாலும் முதலில் மாமியார் டெஸ்ட். அதாவது, ஒன்றும் தெரியாத ஒருவர் என்ன செய்வாரோ அதைச் செய்து பார்ப்பது. மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் புதிதாக வருகிறவர்களுக்கு அதே பெயரில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போன வருடம் தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடி, என்னைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதுவரை சுவரில் அந்தப் பெயர் இருந்தது.

ஆனால் லெட்சுமி மாமியார் என்று சொன்ன அந்தத் திங்கட்கிழமை, அவர் எனக்கு மாமியார் ஆகவில்லை. ஆவார் என்ற நம்பிக்கையும் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. அம்மா வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. ஞானம்மா ஆன்டியும் அவர் மகனும் இறங்கினார்கள். அம்மா அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டு ஓடினார்.

"மாசக் கடைசின்னு அன்னைக்குச் சொன்னியே கண்ணு" என்றார் ஆன்டி என்னிடம், உட்காருவதற்கு முன்பே. "உங்க வேல போச்சா, இருக்கா?"

"இருக்கு ஆன்டி."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"அதக் கேக்காம இவன் தூங்க மாட்டேங்குறான்" என்று மகனைக் காட்டினார். மகன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் என்னைப் போலத்தான் என்று அப்போது தெரிந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, பேச்செல்லாம் பெரியவர்களே பேசி முடித்தார்கள்.

மாமியாருக்கு இப்போது வயதாகிவிட்டது, ஆனால் கண் நன்றாக இருக்கிறது. கல்யாணமான புதிதிலேயே சில்லு மாற்றிய கேம் ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். பிடிக்க வேண்டும், பிடித்தால்தான் புள்ளி என்று நானும் என் வீட்டுக்காரரும் பல தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கேட்டுக்கொள்வார். மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்தப் பெண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டுவார். மூன்று மாங்காயும் தரையில் உடையும். முடிந்ததற்கான இசை வரும். பூஜ்யம் காட்டும். கேமை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"ஒன்னுகூட அவ மேல படல" என்பார்.